ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஒரு கேள்வி

மருத்துவ மாணவர்களையும் ஹவுஸ் சர்ஜன்களையும் பழக்கும் சீனியர்களுக்கு ஒரு சின்ன யோசனை. 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது மனப்பான்மை, அறநெறி, பேச்சுத்திறன் எல்லாம் சேர்ந்து 'ஏட்காம்' என்று தனிப் பகுதியாகவே வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் ஸ்லைடு போட்டு நடத்தினால் பின் பெஞ்சு தூங்கிவிடும்.

வார்டிலேயே செய்யுங்கள். ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஒரு மாணவரை நோயாளியிடம் திருப்பி அனுப்பி, "ஐயா, டாக்டர் என்ன சொன்னார்னு வீட்ல கேட்டா எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" மட்டும் வேண்டாம். குடியாத்தத்திலிருந்து வரும் பெரியவர் டாக்டர் முன்னால் புரியவில்லை என்று சொல்லவே மாட்டார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் பெண்ணுக்கு "காலை சாப்பாட்டுக்குப் பிறகு" என்று மாத்திரை எழுதியிருப்போம். அவர் ஒரு டீயைக் குடித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறவர் என்பது இப்படிக் கேட்டால்தான் வெளியே வரும். வேலூருக்கு சித்தூரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கூட வந்த பையனை வைத்தே பேசி ஒப்பேற்ற விடாதீர்கள், மொழி தெரிந்த ஊழியரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அப்புறம் மாணவர் வந்து சொல்வதைக் கேளுங்கள். பெட் நம்பரைச் சொன்னால், பெயர் என்ன என்று கேளுங்கள். திரையை இழுத்துவிட்டாரா, தொடுவதற்கு முன் அனுமதி கேட்டாரா என்பதையும் விசாரியுங்கள். திட்ட வேண்டியிருந்தால் நோயாளி முன்னால் வேண்டாம், டியூட்டி ரூமில் வைத்துக்கொள்ளுங்கள்.