விமானப் பாதுகாப்பு ஒப்பந்தம் பேசும் வேலை: கொங்குப் பிள்ளைகள் எங்கே தொடங்கலாம்?

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் அக்கா மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் என்னிடம் கேட்டாள்: "மாமா, ஷார்ஜா விமானம் கோவை பீளமேட்டில் வந்து இறங்குகிறது. அது சரியாகப் பராமரிக்கப்பட்டதா என்று நம் ஆட்கள் எப்படி நம்புகிறார்கள்?" இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

முதல் படி: நாடுகளுக்கு இடையிலான விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான சிகாகோ உடன்படிக்கையைப் படியுங்கள். 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தானது. மொத்தம் 96 பிரிவுகள். முதலில் இரண்டை மட்டும் ஊன்றிப் படித்தால் போதும். ஒரு நாடு விமானத்துக்கும் விமானிக்கும் தரும் சான்றிதழை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும், ஆனால் அந்தச் சான்றிதழ் குறைந்தபட்சத் தரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது 33ஆம் பிரிவு. ஒரு தரத்தைக் கடைப்பிடிக்க முடியாத நாடு அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பது 38.

திருப்பூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பையர் ஆடிட், அதாவது துணி வாங்கும் நிறுவனத்தின் தணிக்கை, வருவதற்கு முந்தைய வாரம் கம்பெனி எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் அவர்கள். உடன்படிக்கையில் உள்ள 193 நாடுகளும் ஒன்றையொன்று தனித்தனியாக ஆடிட் செய்யக் கிளம்பினால் எந்த விமானமும் பறக்காது. அதனால்தான் மாண்ட்ரியலில் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு எல்லா நாடுகளின் கண்காணிப்பு முறையையும் ஒரே அளவுகோலில் தணிக்கை செய்கிறது.

இரண்டாம் படி: ஒரு சொல்லின் எடையைப் பழகுங்கள். உடன்படிக்கைக்கு, விரிவான விதிகள் அடங்கிய 19 இணைப்புகள் உண்டு. அவற்றின் ஆங்கில மூலத்தில் 'ஷல்' (shall) என்று வந்தால் கட்டாயத் தரம். 'ஷுட்' (should) என்று வந்தால் பரிந்துரை. ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து, இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் அடிக்கோடிடுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் பல மணி நேரம் கரைவது இந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

மூன்றாம் படி: ஒரு விபத்தை முழுமையாகப் படியுங்கள். நான் சொல்வது 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டில்லியிலிருந்து மேலேறிய சவூதி விமானம் 14,000 அடியில் இருந்தது. இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்துக்குக் கொடுக்கப்பட்ட உயரம் 15,000 அடி. அது அதற்கும் கீழே இறங்கியது. இரண்டும் நடுவானில் மோதின. 349 பேர் இறந்தார்கள், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கஜகஸ்தான் விமானிகளின் ஆங்கிலக் குறைபாடும் விசாரணையில் பேசப்பட்டது. பிறகு உலக அளவில் மொழித் திறனுக்கு ஆறு நிலைகள் வகுக்கப்பட்டன. 2008 மார்ச் முதல் சர்வதேச விமானிகளுக்குக் குறைந்தது நான்காம் நிலை தேவை. அந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 349 பேர்தான் நினைவுக்கு வருவார்கள். உங்களுக்கும் வர வேண்டும்.

நான்காம் படி: வேலைக்கான வழி. குடிமைப் பணித் தேர்வு எழுதி வெளியுறவுப் பணிக்குப் போகலாம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் தொழில்நுட்ப அதிகாரியாகலாம். விமான நிலைய ஆணையத்தின் தேர்வு எழுதி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியாகலாம். சட்டம் படித்தும் வரலாம். என்னைக் கேட்டால் தொழில்நுட்ப வழியே மேல். பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவரின் பேச்சுக்கு மேசையில் தனி மதிப்பு உண்டு. கண்காணிப்பில் ஓட்டை இருந்தால் எவ்வளவு இனிக்கப் பேசியும் பயன் இல்லை. 2014 ஜனவரியில் அமெரிக்கா இந்தியாவின் பாதுகாப்புத் தரநிலையை இரண்டாம் வகைக்கு, அதாவது கண்காணிப்பு சர்வதேசத் தரத்துக்கு இல்லை என்ற வகைக்கு, இறக்கியது. நம் நிறுவனங்களால் அங்கே புதிய சேவை தொடங்க முடியவில்லை. 2015 ஏப்ரலில்தான் பழைய நிலை திரும்பியது.

ஐந்தாம் படி: நீங்களே ஒரு பிரிவை எழுதிப் பாருங்கள். இரு நாட்டு விமான சேவை ஒப்பந்தங்களுக்கான மாதிரிப் பாதுகாப்புப் பிரிவு ஒன்று உண்டு. ஒரு நாடு சந்தேகம் எழுப்பினால் 30 நாளுக்குள் இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். வந்திறங்கிய விமானத்தைச் சோதிக்கலாம், ஆனால் நியாயமற்ற தாமதம் கூடாது. ஆபத்து உடனடியானது என்றால் அனுமதியை நிறுத்தி வைக்கலாம்.

அக்கா மகள் இதைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள். 'நியாயமற்ற தாமதம்' என்ற இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். "எவ்வளவு நேரம் நியாயம், மாமா? அதை யார் முடிவு செய்வது?" என்றாள். இரண்டு நாட்டுக்காரர்களாக எதிரெதிரே உட்கார்ந்து, அந்த ஒரு வரிக்காக இரவு பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.