கீரிக்கும் வல்லூறுக்கும் தப்பிய குஞ்சுகள்

மேய்ச்சலுக்கு விட்ட வனராஜா என்ற கலப்பினக் கோழிக் குஞ்சுகளை வல்லூறு தூக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே மேய்ந்த சிறுவிடை என்ற நாட்டுக்கோழியின் குஞ்சுகளுக்கு அவ்வளவு சேதமில்லை. காரணம் தாய்தான். மேலே நிழல் ஓடினால் 'கீர்ர்' என்று ஒரே இழுப்பு. குஞ்சுகள் அப்படியே புதருக்குள் பதுங்கிவிடும். கீரியோ நாயோ வந்தால் விட்டு விட்டுக் 'கொக் கொக்' என்று கத்தும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாயும். இன்குபேட்டரில் பொரித்த வனராஜா குஞ்சுகளுக்கு இதெல்லாம் சொல்ல ஆளில்லை.

அதனால் அடையில் இருக்கும் சிறுவிடைக்கு அடியில் ஒருநாள் வயதுக் குஞ்சுகளை ராத்திரி இருட்டில் மெல்ல நகர்த்தி வைத்தேன். விடியும்போது தன் குஞ்சாகவே ஏற்றுக்கொண்டது. பகலில் வைத்தால் கொத்தித் தள்ளிவிடும் கோழிகளும் உண்டு. முதல் சில நாள் தாயையும் குஞ்சையும் சேர்த்துப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி வைப்பது நல்லது. அப்புறம் மேய்ச்சல் இடத்தில் ஓடி ஒளிய அகத்தியும் கிலுவையும் நட்டேன். வெட்டவெளியில் எந்த ரகமும் பருந்துக்குத் தப்பாது.

இரவுக் கதை வேறு. மரநாய் முருங்கையிலும் ஏறும். எந்தத் தாய்க்கோழியாலும் இருட்டில் ஒன்றும் செய்ய முடியாது. பொழுது சாயும்முன் கூட்டில் அடைத்தே ஆகவேண்டும். கோழிவலையை மரநாய் கடித்துக் கிழித்துவிடுகிறது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பிவலைதான் நிற்கிறது. கீரி தோண்டாமலிருக்க அதையே ஓர் அடி ஆழத்துக்குப் புதைத்து, வெளிப்பக்கமாக மடித்துவிட்டேன்.