வேலூரிலிருந்து டென்னிஸ் டூருக்குக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை மாவட்ட அளவில் ஜெயித்து, ஏஐடிஏ (அகில இந்திய டென்னிஸ் சங்கம்) ரேங்கிங்கிலும் முன்னே வந்துவிட்டால் வீட்டில் அடுத்த பேச்சு, ‘ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் சம்மேளனம்) போட்டிகள் ஆட அனுப்பலாமா?’ அனுப்பலாம். ஆனால் டூருக்குப் போய்ப் பாதியில் திரும்பியவர்களைக் கேட்டால், பேக்ஹேண்டைவிட பணக் கணக்கைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார்கள்.

பெரிய தவறே பரிசுப் பணத்தை நம்பி பட்ஜெட் போடுவதுதான். ஐடிஎஃப் ஆண்கள் போட்டிகளில் அடிமட்டமான எம்15 என்றால் மொத்தப் பரிசே 15,000 டாலர். ஒற்றையரில் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர், முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர். வரி பிடித்தது போக அந்த 156-இல் ரெண்டு ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போட்டு, ரெண்டு நாள் சாப்பிட்டால் தீர்ந்தது. முதல் சுற்றோடு வெளியேறினால், ஆண்கள் உலகத் தரவரிசைக்கான ஏடிபி புள்ளியும் கிடையாது. சுமித் நாகல் 2023-இல் இந்தியாவின் முதல்நிலை வீரர். அப்போதே தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபன் கிராண்ட்ஸ்லாமில் அலெக்சாண்டர் பப்ளிக்கை வீழ்த்தி இரண்டாம் சுற்றுக்குப் போனதும் கிடைத்தது 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். பணம் கிராண்ட்ஸ்லாமில் இருக்கிறது. அதன் தகுதிச் சுற்றுக்குள் நுழையவே ரேங்கிங் சுமார் 230-க்குள் வர வேண்டும். அதுவரை எல்லாம் செலவுதான். ‘எவ்வளவு ஜெயிப்பான்’ என்பதை விட்டுவிட்டு, ‘எத்தனை வருஷம் நம்மால் தாங்க முடியும்’ என்று வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போகும் யோசனை வந்தால், என் அபிப்பிராயம், அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது, ஒரு போட்டிக்கு ஒரு விமான டிக்கெட் போடுவது. துனிசியாவின் மொனாஸ்டிரிலும் துருக்கியின் அன்டால்யாவிலும் வாரா வாரம் அதே இடத்தில் எம்15 நடத்துகிறார்கள். மூன்று நான்கு வாரம் அங்கேயே தங்கினால் டிக்கெட் செலவு ஒருமுறையோடு முடியும். செவ்வாய்க்கிழமை தோற்றாலும் மற்ற நாட்டுப் பையன்களோடு பயிற்சி ஆடலாம். உள்ளூரில் நமக்கு ஒரு வசதி உண்டு: காட்பாடி. பிப்ரவரி வாக்கில் சென்னையிலும் பெங்களூருவிலும், எம்15-க்கு மேல்மட்டமான சேலஞ்சர் போட்டிகள் நடக்கும் ஆண்டுகளில் ரயில் ஏறினால் போதும். ஆடுபவர்களின் பட்டியலில் (டிரா) இடம் கிடைக்காவிட்டாலும், ரேங்கிங்கில் 200-க்குள் இருக்கும் ஒருவருக்கு ஹிட்டிங் பார்ட்னராக ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். தன் ஆட்டம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பையனுக்கே தெரிந்துவிடும்.

இரட்டையரை ஏளனமாகப் பார்க்காதீர்கள். ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024-இல் ஹாங்சோவில் ஏடிபி பட்டம் வென்றது இரட்டையரில்தான்.

காயத்தோடு ஆடுவது இன்னொன்று. எடுத்த ரேங்கிங் புள்ளி 52 வாரத்தில் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அந்தப் பயத்தில் ஊசி போட்டுக்கொண்டு கோர்ட்டில் இறங்குகிறார்கள். பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தால் பல வருஷம் ஆட முடியாமல் இருந்தவர். 2019-இல் 29 வயதில் உலகத் தரவரிசையில் 75-ஐத் தொட்டார். ஆறு மாதத்துக்கு மேல் காயத்தால் ஒதுங்கினால் பழைய ரேங்கிங்கைக் காட்டி மீண்டும் நுழைய விதி இருக்கிறது, அதற்கு முறையாக விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், ‘உடம்பு தேறட்டும்’ என்று கத்திரி வெயிலில் வேலூர் கோர்ட்டில் மதியம் பன்னிரண்டுக்கு ஆட விடும் பழக்கம். காலை ஆறரைக்கே ஆடி முடித்துவிடலாம், இதில் வீரம் ஒன்றுமில்லை.

அந்த ஊசி விஷயத்தில் கூடுதல் ஆபத்து உண்டு. 2022 முதல், போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டு ஊசி எதுவும் கூடாது. முட்டியில் போட்டுக்கொள்வதும் அதில் அடக்கம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் சோதனையில் மாட்டலாம். ஆஸ்பத்திரிகளுக்குப் பேர்போன ஊரில் இருக்கிறோம், டாக்டரிடம் ‘இவன் போட்டி ஆடுகிறவன்’ என்ற ஒரு வார்த்தை சொன்னால் மாற்று மருந்து எழுதித் தருவார்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்துவதை நான் ஏற்கவே மாட்டேன். சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆடி 2007, 2008 என்று தொடர்ந்து இரண்டு முறை அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் ஆனார். 2009-இலேயே சென்னை ஓபன் இறுதிப் போட்டியில் நின்றார். அமெரிக்கக் கல்லூரிப் பக்கம் எண்ணம் இருந்தால், பிளஸ் டூ முடித்து ரொம்ப நாள் தள்ளிப்போட்டாலும், பரிசுப் பணம் வாங்கினாலும் தகுதி பாதிக்கப்படலாம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், முதல் காசோலையை வாங்குவதற்கு முன் கல்லூரிக் கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

கடைசியாக, இன்ஸ்டாகிராமில் ‘ஒரு செட் விட்டுக்கொடு, பணம் தருகிறேன்’ என்று செய்தி வரும். கீழ்மட்டப் போட்டிகளில்தான் இது அதிகம். பையன் மறுத்துவிட்டு, பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் விடுவதும் விதிமீறல்தான். அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஐடிஐஏ என்ற டென்னிஸ் நேர்மை அமைப்புக்கு உடனே அனுப்பிவிட வேண்டும். டூருக்குக் கிளம்பும் முன்பே இதை அவனிடம் சொல்லி வையுங்கள்.