மூணாறு குளிரில் ஹீட் பம்ப்: டீஃப்ராஸ்ட் சென்சாரைச் சோதிக்கும் முறை

டிசம்பர் இறுதி தொடங்கி பிப்ரவரி வரை செண்டுவாரை, செவன்மலைப் பக்கத்துப் புல்வெளிகள் விடியற்காலையில் வெள்ளை பூத்துக் கிடக்கும். மூணாற்று விடுதிகளின் பின்புறம் வெந்நீருக்காகவும் அறைச் சூட்டுக்காகவும் நிறுத்தியிருக்கும், வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தரும் ஹீட் பம்புகளின் வெளிக்காயிலிலும் (வெளியே நிற்கும் வளைகுழாய்த் தொகுதி) அதே உறைபனி படிகிறது. புல்லில் படிந்ததை வெயில் பார்த்துக்கொள்ளும். காயிலில் படிந்ததை இயந்திரமே உருக்கியாக வேண்டும். அந்த வேலைக்குத்தான் டீஃப்ராஸ்ட் என்று பெயர்.

வெளியே 4 டிகிரி இருக்கும்போது காயில் ஏன் உறைகிறது என்று பலர் கேட்பதுண்டு. ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்க வேண்டுமானால் காயில் காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஆகவே காற்று 4 டிகிரியில் இருக்கும்போதே காயிலின் மேற்பரப்பு 0 டிகிரிக்குக் கீழே போய்விடுகிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. கடும் உலர்குளிரைவிட, 0 முதல் 5 டிகிரி வரையுள்ள ஈரக்காற்றில்தான் பனி வேகமாகச் சேரும். நம் மலைக் காலைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே.

டீஃப்ராஸ்ட் தொடங்கியதும், குழாய்களில் ஓடும் குளிர்பதன வாயுவின் (கேஸ்) ஓட்டத்தைத் திருப்பும் நான்குவழி வால்வு திசை மாறுகிறது. அப்போது எழும் நீண்ட 'உஸ்ஸ்' ஓசை வாசல் வரை கேட்கும். வெளி ஃபேன் நின்றுவிட, கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான கேஸ் வெளிக்காயிலுக்குள் பாய்கிறது. பனி உருகி நீராக வடிய, காயிலிலிருந்து ஆவி மேலெழுகிறது. "அண்ணாச்சி, மெஷின் பொகையுது" என்று அதிகாலையில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்த ஆவியைப் பார்த்து வருபவை. ஆவி சில நிமிடங்களில் அடங்கி ஃபேன் மீண்டும் சுழன்றால் பழுது ஒன்றுமில்லை.

எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை போர்டு (இயந்திரத்தின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை) முடிவு செய்யும் விதம் இரண்டு. பழைய வகையில் 30, 60 அல்லது 90 நிமிடம் ஓடியபின், காயில் குளிர்ந்திருந்தால் டீஃப்ராஸ்ட் தொடங்கும். பனி உண்மையில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. புதிய வகையில் வெளிக்காற்றை அளக்கும் சென்சார் ஒன்றும், காயிலை அளக்கும் சென்சார் ஒன்றும் உண்டு. பனி தடிக்கத் தடிக்கக் காற்றோட்டம் அடைபட்டுக் காயில் மேலும் குளிரும்; இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் விரிவதை வைத்தே போர்டு பனியை உணர்கிறது. காயில் குறித்த வெப்பத்தை எட்டியதும் டீஃப்ராஸ்ட் முடியும். எட்டாவிட்டால், பல போர்டுகளில் 10 நிமிடமளவில், நேர வரம்பு அதை நிறுத்தும்.

இந்தச் சென்சார்கள் தெர்மிஸ்டர் வகையைச் சேர்ந்தவை: குளிரக் குளிர மின்தடை ஏறும், சூடாகச் சூடாக இறங்கும். 10,000 ஓம் சென்சார் என்றால் 25 டிகிரியில் 10,000 ஓம் என்று பொருள். இங்கேதான் மலையில் வேலை செய்பவர்கள் தடுமாறுகிறார்கள். நம் அறை 15 டிகிரியில் இருக்கும்போது மீட்டர் ஏறத்தாழ 15,000 ஓம் காட்டும். அதைப் பார்த்து நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. 5,000, 20,000 ஓம் சென்சார்களும் புழக்கத்தில் இருப்பதால், இயந்திரத்தின் சர்வீஸ் கையேட்டிலுள்ள அட்டவணையைப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சோதிக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்கவும். இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேலான மின்சாரம் அணைத்த பிறகும் தங்கியிருக்கும். சென்சாரின் பிளக்கைப் போர்டிலிருந்து உருவி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளக்கவும். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, அது மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, சென்சார் முனையை நடுவில் அமிழ்த்திச் சில நிமிடம் கலக்கினால் 0 டிகிரி கிடைக்கும். 10,000 ஓம் சென்சார் அப்போது, அதன் வகையைப் பொறுத்து, 27,000 முதல் 34,000 ஓம் வரை காட்டும். பிறகு துடைத்துவிட்டுக் கைக்குள் பொத்திப் பிடித்தால் 7,000, 8,000 நோக்கி மெதுவாக, தடங்கலின்றி இறங்க வேண்டும். இடையில் எண் துள்ளினால் ஒயரிலோ முனையிலோ விரிசல் இருக்கிறது. கொதிநீரை 100 டிகிரி என்று எண்ணிச் சோதிக்க வேண்டாம். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.

முழுவதும் அறுந்த சென்சாரைப் போர்டே பிழைக் குறியீடு காட்டிச் சொல்லிவிடும். அளவு சற்றே பிசகிய சென்சார்தான் ஆளை அலைக்கழிக்கும். காயில் சென்சார் உள்ளதைவிடக் குளிராகக் காட்டினால், பனியே இல்லாதபோதும் டீஃப்ராஸ்ட் வந்துகொண்டிருக்கும், ஒவ்வொன்றும் நேர வரம்புவரை இழுக்கும். சூடாகக் காட்டினால் டீஃப்ராஸ்ட் வராமலே காயில் பனிக்கட்டியாகிவிடும். தேவிகுளம் பக்கத்து விடுதி ஒன்றில் இப்படிக் கட்டியாகியிருந்ததைப் பார்த்து நான் போர்டையே மாற்றினேன். மறுவாரமும் அதே கதை. காயிலில் பற்றவைத்த செம்புக் குழலிலிருந்து சென்சார் நழுவி வெளியே தொங்கி, காயிலுக்குப் பதிலாகக் காற்றை அளந்துகொண்டிருந்தது. சென்சார் நல்லது, போர்டும் நல்லது. பிடித்து நிறுத்தும் சிறிய கிளிப்தான் காணாமற்போயிருந்தது. அந்தப் போர்டின் விலையை விடுதிக்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பார்க்கவும். காயில் சென்சார் குழலுக்குள் இறுக்கமாக, முழு நீளமும் நுழைந்திருக்க வேண்டும். காற்றுச் சென்சார் காயிலைத் தொடாமல், காற்று உள்நுழையும் பக்கத்தில் தன் பிளாஸ்டிக் தாங்கியில் நிற்க வேண்டும். பனி படிந்திருக்கும் இடமும் பேசும்: காயில் முழுவதும் மெல்லிய வெண்மை இயல்பானது, ஒரு பகுதியில் மட்டும் பனி என்றால் கேஸ் குறைவைச் சந்தேகிக்கலாம், அடியில் மட்டும் தடித்த கட்டி என்றால் உருகிய நீர் வடியும் துளை அடைபட்டிருக்கும், இங்கே பெரும்பாலும் சில்வர் ஓக் இலைகளால். கட்டியைக் கத்தியால் கொத்தினால் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகள் (ஃபின்) மடங்கும், குழாயும் ஓட்டையாகலாம். சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாலே கரையும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, மறுநாள் காலை 6 மணிக்குச் சென்று ஒரு முழு டீஃப்ராஸ்டையாவது நின்று பார்க்கவும். உச்சிவெயிலில் ஓட்டிக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினால், அந்தச் சென்சாரைச் சோதித்ததாகவே ஆகாது.