போத்துக்குட்டி வளர்ப்பு: டேப் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள்

பால் எருமைக்கு ஆண் கன்று பிறந்தால் பண்ணைக்காரருக்குப் பாரம்தான். சினை ஊசியும் டிராக்டரும் வந்தபின் கடாவுக்கு வேலை இல்லை. ஹரியானா, ஆந்திராப் பக்கம் அப்படி மிஞ்சும் முர்ரா கடாக்கன்றுகள் லாரி ஏறிக் கேரளாவுக்கு வருகின்றன. இங்கே பாலக்காட்டில் அதற்குப் பெயர் போத்துக்குட்டி. தீனி போட்டுத் தேற்றி இறைச்சிக்கு விற்பதுதான் தொழில்.

1. வாங்குவது

லாபமோ நட்டமோ பாதி இங்கேயே முடிந்துவிடும். மெலிந்திருந்தால் பரவாயில்லை, எலும்பு நீளமாக, கால் உறுதியாக இருக்க வேண்டும். வாலடியில் கழிச்சல் ஒட்டியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். வாணியங்குளம் சந்தையில் தரகர் கண்ணாலேயே "இருநூற்றைம்பது கிலோ தேறும்" என்பார். நீங்கள் டேப்பை எடுங்கள். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு 54 அங்குலம், தோள் முனையிலிருந்து வாலடி எலும்பு வரை நீளம் 48 என்று வைப்போம். 54 × 54 × 48, அதை 660-ஆல் வகுத்தால் 212. கிட்டத்தட்ட அத்தனை கிலோதான். தரகர் சொன்னதில் 38 கிலோ காற்று!

2. முதல் இரண்டு வாரம்

லாரியில் வந்த கன்று களைத்திருக்கும். வெல்லமும் உப்பும் கரைத்த தண்ணீர், வைக்கோல், அவ்வளவு போதும். என் முதல் கன்றுக்குப் பாசத்தில் அன்றிரவே மக்காச்சோள மாவை அள்ளி வைத்தேன். விடிகாலையில் வயிறு உப்பிப் படுத்துக் கிடந்தது. டாக்டர் வந்துதான் பிழைத்தது.

பழைய மாடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள். எடைக்கேற்பக் குடற்புழு மருந்து, தேறியதும் கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகள். தொண்டை அடைப்பான் மழைக்காலத்தில் எருமையை ஒரே நாளில் சாய்த்துவிடும், எனவே ஜூன் மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

3. தீனி

நறுக்கிய கோ-4 புல், வைக்கோல், தாது உப்பு. தவிடு, புண்ணாக்கு, மாவு கலந்த அடர் தீவனத்தை அரைக் கிலோவில் தொடங்கி மெல்ல ஏற்றி உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கில் நிறுத்தலாம். எருமைக்கு வியர்வை குறைவு, தோலும் கறுப்பு. குளம் இல்லையென்றால் வெயில் காலத்தில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுங்கள்.

4. விற்பது

மாதம் ஒருமுறை அதே டேப். மாதம் 15 கிலோ கூடினால் நன்றாகத்தான் போகிறது. தீனிச் செலவைவிடக் கூடும் எடையின் விலை குறைந்ததும் விற்றுவிடுங்கள். பக்ரீத் நேரத்தில் விலை ஏறும். அப்புறம், உயிர் எடையில் ஏறக்குறையப் பாதிதான் இறைச்சி. வியாபாரி அந்தக் கணக்கோடுதான் வருவார்.