கேம் செய்ய மொழியும் படக் கருவியும் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு சாயங்காலம் சில்வர் பீச்சில், மஞ்சக்குப்பத்துத் தம்பி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறார். கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய், மீன் பிடித்து, இருட்டுவதற்குள் கரை திரும்ப வேண்டும், அதுதான் கேம். கேட்டவுடனே எனக்குப் பிடித்துப்போனது. எட்டு மாதமாக சி ப்ளஸ் ப்ளஸ் என்ற நிரல் மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறாராம். திரையில் இருந்தது கறுப்புப் பின்னணியில் ஒரு நீல முக்கோணம். படகைக் காணோம், கடலைக் காணோம். "பெரிய கேம் எல்லாம் சி ப்ளஸ் ப்ளஸ்லதான் எழுதுறாங்கன்னு சொன்னாங்கண்ணா" என்றார்.

சொன்னவர் பொய் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து செய்யும் பெரிய 3டி கேம்களில் பெரும்பாலும் அதுதான். ஆனால் மைன்கிராஃப்ட் முதலில் ஜாவாவில் எழுதப்பட்டது. 2016-ல் வந்த ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் சி ஷார்ப்பில் எழுதினார், படமும் இசையும்கூட அவரே. 2024-ல் எல்லோரும் பேசிய பலாட்ரோ, லுவா மொழியில் எழுதியது. அதனால் "எந்த மொழி சிறந்தது" என்று ஆரம்பிக்காதீர்கள். என்ன கேம், எதில் ஓட வேண்டும், எத்தனை பேர் செய்கிறோம், கையில் இருக்கும் லேப்டாப் என்ன தாங்கும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதைப் பார்த்தால் எஞ்சின், அதாவது படம், ஒலி, அசைவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தயார் மென்பொருள், எது என்று தெரிந்துவிடும், மொழி எஞ்சினோடு சேர்ந்தே வந்துவிடும். தனி ஆளாக 2டி கேம் என்றால் கோடோ எஞ்சினும் அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டும் போதும், இலவசம், இன்ஸ்டால்கூட வேண்டாம், இறக்கித் திறந்தால் ஓடும். பிரவுசரில் ஓட வேண்டுமா, ஜாவாஸ்கிரிப்ட் மொழியும், அதில் கேம் செய்ய உதவும் ஃபேசரும். மொபைல் கேம் கம்பெனியில் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் யூனிட்டி எஞ்சினும் சி ஷார்ப்பும் படியுங்கள். அன்ரியல் பிரமாதமான எஞ்சின், கோடு (நிரல்) எழுதாமல், கட்டங்களை இணைத்தே கேம் செய்யும் புளூபிரிண்ட்டிலேயே நிறைய செய்யலாம், ஆனால் 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் அதைத் திறந்துவிட்டுக் காத்திருப்பதிலேயே ஆர்வம் போய்விடும்.

எஞ்சினைச் சொந்தமாக எழுதிப் பார்ப்பது நல்ல ஆசைதான், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் அது வேறு வேலை, கேம் செய்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் போட்டுக்கொண்டால் கேம்தான் அடிபடும்.

அடுத்தது, கோளாறு வந்தவுடன் மொழியை மாற்றுவது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாணவர், பைத்தான் மொழியில் கேம் செய்ய உதவும் பைகேமில், ஆட்டோ ஓட்டும் கேம் செய்தார். கடற்கரைச் சாலையில் சவாரி ஏற்றி, மஞ்சள் சுவர் வீதிகளுக்குள் வளைந்து வளைந்து போக வேண்டும். அவர் லேப்டாப்பில் சரியாக ஓடியது, நண்பருடைய புது லேப்டாப்பில் ஆட்டோ பறந்தது. பைத்தானே சரியில்லை என்று முடிவு செய்து, மொத்தத்தையும் ஜாவாஸ்கிரிப்ட்டில் திரும்ப எழுதினார். இரண்டு மாத வேலை. எழுதி முடித்து நண்பரின் லேப்டாப்பில் திறந்தால் ஆட்டோ அங்கேயும் பறந்தது.

கோளாறு ஒரே வரியில் இருந்தது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரை ஒவ்வொரு முறை புதிதாக வரையப்படும்போதும், 5 பிக்சல் நகர்த்து என்று எழுதியிருந்தார். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் இடத்தில் ஆட்டோ 300 பிக்சல் போகும், 144 ஓடும் இடத்தில் 720 போகும். நொடிக்கு 300 பிக்சல் என்று வைத்து, போன ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதால் பெருக்கினால் எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகம். எந்த மொழிக்குப் போனாலும் இந்தப் பெருக்கலைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பைகேமை விட்டு வர நியாயமான காரணம் வேறு: ஆண்ட்ராய்டு ஃபோனில் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும் பாடு. மற்றபடி, கற்றுக்கொள்ள பைகேம் நல்ல இடம்.

இப்போது சொல்லப்போவது நம் ஆட்களுக்கு மட்டுமான விஷயம், பலர் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். கேமில் தமிழ் எழுத்து வரப்போகிறது என்றால் எஞ்சினை எடுத்த முதல் நாளே "கொக்கு பறந்தது, தெற்கே போ" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும், திரையில் காட்டும்போதுதான் முன்னால் வர வேண்டும். அந்த வேலையை எஞ்சின் செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்த் தனியாக நிற்கும், படிக்கவே முடியாது. யூனிட்டியில் எழுத்தைக் காட்ட எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் இந்தத் தொல்லை உண்டு. கோடோ 3-லும் இருந்தது, 2023 மார்ச்சில் வந்த கோடோ 4-ல் சரியாக வருகிறது. அப்புறம், நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவைக் கேமோடு சேர்த்தே கொடுங்கள், ஆடுபவரின் ஃபோனில் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

படக் கருவிக்கு வருவோம். 2டி படகு வரைய வேண்டியவர் பிளெண்டர் டுட்டோரியலில் மூன்று மாதம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிளெண்டர் 3டிக்கு. பிக்சல் படத்துக்கு ஆசெப்ரைட் விலை கொடுத்து வாங்கலாம், இல்லையென்றால் பிக்சலோராமா இலவசம். கையால் தீட்டும் ஓவியத்துக்கு கிரிட்டா, வரையும் கோடு சுத்தமாக வர வேண்டிய பட்டன், ஐகான் மாதிரியானவற்றுக்கு இங்க்ஸ்கேப். பென் டிரைவில் சுற்றும் கிராக் மென்பொருளைத் தொடாதீர்கள், அதோடு வைரஸும் வரும், அதில் செய்த வேலையை நிம்மதியாக விற்கவும் முடியாது.

கருவியைவிடப் பெரிய தவறு, அளவை முடிவு செய்யாமல் வரைய ஆரம்பிப்பது. திரையில் 100 பிக்சல் அகலத்தில் நிற்கப்போகும் படகை 3000 பிக்சலில் வரைந்தால், ஆசையாகப் போட்ட வலைக் கண்ணிகளும் பாய்மரக் கயிறும் சுருக்கும்போது காணாமல் போகும், படகு அசையும்போது மினுமினுக்கும். நினைவகத்துக்கும் பாரம். 4096-க்கு 4096 படம் ஒன்று, பிஎன்ஜி கோப்பாக எவ்வளவு சிறிதாக இருந்தாலும், சுருக்காமல் கிராபிக்ஸ் நினைவகத்தில் ஏறும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று 64 எம்பி பிடிக்கும். அதே மாதிரி, 32 பிக்சலில் வரைந்த படகை எஞ்சினில் பெரிதாக்கினால் மங்கலாகத் தெரிகிறது என்று கருவியைக் குறை சொல்வார்கள். எஞ்சினில் டெக்ஸ்சர் ஃபில்டர் என்ற அமைப்பை நியரஸ்ட் என்று மாற்றினால் கட்டம் கட்டமாக, வரைந்தபடியே நிற்கும்.

எல்லாப் படமும் முடியட்டும், அப்புறம் கோடு எழுதலாம் என்றும் காத்திருக்காதீர்கள். அந்தத் தம்பியிடம் படகுக்குப் பதில் ஒரு பழுப்புக் கட்டம் போடச் சொன்னேன். கோடோவில், ஒன்றரை மணி நேரத்தில், அது நீலத்தின் மேல் நகர்ந்தது. நகர்ந்த பிறகுதான் படகு திரும்பும்போது எவ்வளவு மெதுவாகத் திரும்ப வேண்டும் என்ற கேள்வியே அவருக்கு வந்தது.

கடைசியாக உரிமம். அன்ரியலில் ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் வருவதில் 5 சதவீதம் எஞ்சின் கம்பெனிக்கு ராயல்டி. யூனிட்டி 2023 செப்டம்பரில் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2024-ல் கைவிட்டது. கோடோ எம்ஐடி உரிமத்தில் இருப்பதால் ராயல்டி கிடையாது. படங்களைக் கூகுளில் தேடி எடுத்துப் போடாதீர்கள். கென்னி தளத்தில் சிசி0 உரிமத்தில் ஏராளமான படங்கள் இருக்கின்றன, பெயர்கூடப் போட வேண்டாம். ஓப்பன்கேம்ஆர்ட்டில் படத்துக்குப் படம் உரிமம் மாறும், அதனால் எந்தப் படம் எங்கிருந்து, எந்த உரிமத்தில் எடுத்தது என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பில் அன்றன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.