நாலு வயசுப் பிள்ளைக்கு வேலையை வேடிக்கை காட்டுவது எப்படி

ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறேன். "அம்மா கடையில என்ன செய்றாங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு என் மகன், "ஃபேன் காத்துல உட்கார்ந்திருக்காங்க" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நான் ஒருநாளும் காட்டியதில்லை.

முதலில் ஒரு தப்புச் செய்தேன். விடிகாலையில் பெரிய பூ மார்க்கெட்டுக்குத் தூக்கிப் போனேன். மூட்டையும் கூட்டமும் சத்தமுமாக, பத்து நிமிடத்தில் அழுகை. சின்னப் பிள்ளைக்கு ஒரே ஒரு ஆள் போதும், அதுவும் தெரிந்த ஆளாக.

எங்கள் தெருமுனைப் பூக்கார அக்காவிடம், "தம்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருக்கட்டுமா?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் முகூர்த்த நாளும் கேட்கக் கூடாது, அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. "இங்கன வா சாமி" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பார்வை ரோட்டில், கை பூவில். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் சொல்ல ஆரம்பித்தேன், அவன் காதில் விழவே இல்லை. அக்கா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்ததைப் பார்த்துத் தானும் அளந்தான். "என் முழம் சின்னது. நான் வித்தா உங்களுக்குக் கம்மியாத்தான் கிடைக்கும்" என்றான். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணி அதிகம் விட்டார். கிளம்பும்போது பூ வாங்கிவிடுங்கள், காசைப் பிள்ளை கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து விளாச்சேரி, மதுரைக்குப் பக்கத்தில் பொம்மை செய்கிற ஊர். நவராத்திரிக்கு நாலைந்து வாரம் முன்னால் போனால் கொலு பொம்மை வேலை நடக்கும். அங்கே ஒரு அம்மா பொம்மைக்குக் கண் எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார், இவனும் பிடித்துக்கொண்டான்.

ஒன்றே ஒன்று: "படிக்கலேன்னா இப்படித்தான் உட்காரணும்" என்று அங்கே நின்று சொல்லிவிடாதீர்கள். என் பெரியப்பா சொல்வார், எனக்கு இன்னும் காது கூசுகிறது.

கடைசியாக, முதலாளியிடம் கேட்டு ஒரு சனிக்கிழமை என் கடைக்கே கூட்டிப் போனேன். பேரேட்டை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியம் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து ஆளுக்கு ஆள் குழம்பு மாற்றிக்கொண்டதைத்தான் அவன் அப்பாவிடம் ராத்திரி முழுக்கச் சொன்னான். அடுத்த சனிக்கிழமைக்கு இப்போதே தன் டப்பாவை எடுத்து வைத்திருக்கிறான்.